இலவசப் பயண அட்டை நின்றுபோனால் எவ்வளவு துண்டு விழும்?

கேள்வி: எனக்கு வயது 67, மனைவிக்கு 66. மூத்த குடிமக்களுக்கான இலவசப் பேருந்து அட்டையில்தான் இருவரும் போய்வருகிறோம். ஓய்வூதியம் போதுமான அளவுக்கு வருகிறது. இந்தச் சலுகையைக் குறைக்க வேண்டும், வசதியுள்ளவர்களுக்கு நிறுத்த வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. நின்றுவிட்டால் எங்களுக்கு எவ்வளவு துண்டு விழும்? அட்டையை நம்பிக் காரை விற்கலாமா? எங்களைப் போன்றவர்களுக்கு இது தொடர்வது நியாயம்தானா?

பதில்: முதலில் துண்டு விழும் கணக்கைப் பார்த்துவிடுவோம். பலரும் மாதப் பயணங்களை டிக்கெட் விலையால் பெருக்கி, வரும் தொகையைப் பார்த்துப் பயந்துபோகிறார்கள். அது தப்புக் கணக்கு.

ஒரு பயணத்துக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் சரி. ஒருவருக்கு மாதம் 40 பயணம் என்றால் 800. ஆனால் காசு கொடுத்துப் போக வேண்டியிருந்தால் அந்த 40-ஐயும் போவீர்களா? மருத்துவமனை, வங்கி, பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது என்று 24 பயணங்களைத் தவிர்க்க முடியாது. மீதி 16, இலவசம் என்பதால் போகிறவை. ஆக, அட்டை நின்றால் கையைவிட்டுப் போகும் பணம் 24 × 20 = 480. விட்டுவிடும் 16 பயணங்களுக்கும் மதிப்பு இல்லாமல் இல்லை. போக்குவரத்துப் பொருளியலில் இப்படிப்பட்ட பயணங்களைப் பாதிக் கட்டண மதிப்பில் எடுப்பது வழக்கம்: 16 × 10 = 160. அட்டையால் உங்களுக்குக் கிடைக்கும் பலன் 640; பட்ஜெட்டில் விழும் துண்டு 480. இரண்டும் வேறு வேறு.

அந்த 480-க்கும் ஓர் உச்சவரம்பு இருக்கலாம். உங்கள் தடத்தில் மாதாந்திர பாஸ் 450-க்குக் கிடைக்கிறது என்றால் தலைக்கு 450-க்கு மேல் போகவே போகாது. நாற்பது பயணமும் திரும்பக் கிடைத்துவிடும். இருவருக்கும் சேர்த்து மாதம் 900, ஆண்டுக்கு 10,800. சேமிப்பின் வட்டி கட்டண உயர்வை ஈடுகட்டும் அளவுக்கு வந்தால், 20 ஆண்டுக்குத் தேவையான தொகை இன்றைய மதிப்பில் 2,16,000. விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஓய்வூதியமாக இருந்தால் தனி நிதியே வேண்டாம், மாத வரவிலேயே சமாளித்துவிடலாம். உங்கள் டிக்கெட் விலையையும் பாஸ் விலையையும் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாத வரவில் நூற்றுக்கு இரண்டைத் தாண்டவில்லை என்றால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனாலும் செலவுப் பட்டியலில் போக்குவரத்து என்ற வரியில் பூஜ்ஜியம் போடாதீர்கள். இப்போதே 900 என்று எழுதி, அந்தப் பணத்தை மாதாமாதம் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சலுகை நின்றால் பாஸ் வாங்க உதவும். நிற்காவிட்டால் டாக்ஸிக்கு உதவும். பின்னது கட்டாயம் தேவைப்படும். அட்டை செல்லுபடியாகும், ஆனால் முழங்கால் பேருந்துப் படியேற விடாது என்ற நிலை பலருக்கு வருகிறது. டாக்ஸிக்கு ஒரு தடவை 200 என்று கொண்டால் மாதம் எட்டு பயணத்துக்கே 1,600. முதுமையின் போக்குவரத்துச் செலவில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது, பேருந்துக் கட்டணத்தில் இல்லை.

சலுகை ஒரே நாளில் நிற்குமா? அப்படியும் நடந்திருக்கிறது. இந்திய ரயில்வே ஆண்களுக்கு 60 வயதிலிருந்து 40 சதவீதமும் பெண்களுக்கு 58 வயதிலிருந்து 50 சதவீதமும் கொடுத்துவந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியது. ஆனால் மற்ற இடங்களில் பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் கத்தரிக்கிறார்கள். இங்கிலாந்தில் 2010-லிருந்து பேருந்து அட்டைக்கான வயது பெண்களின் அரசு ஓய்வூதிய வயதோடு சேர்ந்து 60-லிருந்து 66 வரை ஏறியது. லண்டனில் 2020-ல் காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் இலவசத்தை வெட்டினார்கள். தற்காலிகம் என்று சொல்லப்பட்டது 2023-ல் நிரந்தரமாகிவிட்டது. ஹாங்காங்கில் எவ்வளவு தூரம் போனாலும் இரண்டு டாலர் என்றிருந்த முதியோர் கட்டணத்தை மாற்றி, பத்து டாலருக்கு மேற்பட்ட கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மாதம் 240 பயணம் என்ற வரம்பு என 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். தென் கொரியாவின் தேகு நகரம் மெட்ரோவுக்கான இலவச வயதை 65-லிருந்து ஆண்டுக்கு ஒன்றாக 70-க்கு உயர்த்திவருகிறது. கூடவே பேருந்து இலவசத்தை 75-ல் தொடங்கி 70-க்கு இறக்கிவருகிறது. இவற்றில் வயது உயர்வு உங்களைத் தொடுவது அரிது, ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்களை அநேகமாக விட்டுவிடுவார்கள். உங்கள் இருவரையும் பாதிக்கக்கூடியது நேரக் கட்டுப்பாடு. காலை எட்டரைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தால் போகும்போது முழுக் கட்டணம், திரும்பும்போது இலவசம். முடிந்தவரை பத்தரைக்கு மேல் நேரம் கேட்டு வாங்கிப் பழகுங்கள்.

கார் விஷயத்தில் அவசரம் வேண்டாம். மூன்று மாதம் காரைத் தொடாமல் இருந்து பாருங்கள். அதில் ஒரு மாதமாவது மழைக்காலமோ கடுங்குளிரோ இருக்கட்டும். பேருந்து கைவிட்ட ஒவ்வொரு தடவையையும் (கடைசி வண்டி போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை வண்டியே இல்லை, மூட்டை அதிகம்) குறித்துவைத்து, அதற்கான டாக்ஸிக் கட்டணத்தையும் எதிரே எழுதுங்கள். இன்னொரு பக்கம், கார் நின்ற இடத்திலேயே தின்னும் செலவு: காப்பீடு, வரி, சர்வீஸ், பேட்டரி, ஆண்டுக்காண்டு குறையும் விற்பனை விலை. டாக்ஸி மொத்தத்தோடு இரண்டு பேரின் மூன்று மாத பாஸ் விலையையும் கூட்டிய பிறகும் காரின் மூன்று மாதச் செலவைவிடக் குறைவாக வந்தால் விற்கலாம். அட்டை இலவசமாகவே இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கில் மட்டும் லாபம் தெரிகிறதென்றால் விற்காதீர்கள்.

இனி நியாயம் பற்றி. தொடர வேண்டும் என்பதே என் கருத்து. வருமானச் சான்று கேட்டுப் பிரிப்பதுதான் எனக்கு ஒப்பாத வழி. தலைக்கு மாதம் சில நூறு மதிப்புள்ள ஒரு சலுகைக்கு ஆண்டுதோறும் சான்று வாங்கிச் சரிபார்க்கும் அலுவலகச் செலவு, மிச்சத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். வரம்புக்கு மேல் நூறு ரூபாய் வாங்குகிறவர் முழுதாக இழப்பார். உண்மையில் தேவையுள்ள பலர் படிவத்துக்குப் பயந்தும் கூச்சப்பட்டும் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். பெரும் வசதிக்காரரோ பேருந்தில் ஏறுவதே அபூர்வம். அவர் பையில் கிடக்கும் அட்டையால் யாருக்கும் செலவில்லை. பகல் பதினொரு மணிக்குப் பாதி காலியாக ஓடும் வண்டியில் இருவர் கூடுதலாக உட்கார்வதால் டீசல் செலவு ஏறிவிடாது.

எதிர்வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. குறைந்த சம்பளத்துக்குக் காலை ஷிப்டுக்கு ஓடும் இருபத்தைந்து வயதுக்காரர் முழுக் கட்டணம் கொடுத்து நின்றுகொண்டு போக, போதுமான ஓய்வூதியம் வாங்குகிறவர் அதே வண்டியில் இலவசமாக உட்கார்ந்து போவது உறுத்தத்தான் செய்யும். அதனால் நெரிசல் நேரத்தில் கட்டணம் வாங்குவதை நான் எதிர்க்க மாட்டேன். அந்த நேரத்தில் இருக்கைக்கு உண்மையாகவே கிராக்கி இருக்கிறது.

அட்டையை எடுப்பதைவிடச் சத்தமில்லாமல் நடக்கும் இன்னொரு வெட்டு உண்டு: வண்டிகளைக் குறைப்பது. அட்டை கையில் இருக்கும், மாலை ஆறு மணிக்கு மேல் பேருந்து இருக்காது. வாக்காளர்கள் அட்டைக்காகக் கொதிப்பார்கள், கால அட்டவணையைக் கவனிக்க மாட்டார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். ஆகவே ஏறும்போது அட்டையைக் கருவியில் வைத்து ஒலி வருகிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் தெரிந்தவர், "பரவாயில்லை, போங்க" என்று கையசைத்தாலும் வைத்துவிட்டே போங்கள். பல ஊர்களில் பதிவான பயணங்களை வைத்துத்தான் அரசு பேருந்து நிறுவனத்துக்கு ஈட்டுத்தொகை கொடுக்கிறது. பதிவாகாத பயணத்துக்குப் பணம் வராது. கணக்கில் அந்தத் தடம் காலியாக ஓடுவதாகத் தெரியும். அடுத்த சுற்றில் வெட்டப்படுவதும் அதுதான்.

அட்டையின் காலாவதித் தேதியை இன்றே பார்த்துக் குறித்துவையுங்கள். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். உள்ளூர் நிர்வாகம் வழங்கும் அட்டைகள் குடியிருப்போடு கட்டுண்டவை, ஊர் மாறினால் செல்லாமல் போகலாம். உங்கள் அட்டையை மனைவியோ அவர் அட்டையை நீங்களோ அவசரத்துக்குக்கூட எடுத்துப் போக வேண்டாம். புகைப்படம் ஒத்துவராத அட்டையைப் பரிசோதகர் அங்கேயே பறிமுதல் செய்யலாம், மாற்று அட்டை வரும்வரை கைக்காசில்தான் போக வேண்டியிருக்கும்.