இத்தாலிய தேசிய கீதத்தின் மிகப் பழைய ஒலிப்பதிவு எது? இசையமைப்பாளர் நினைத்தது அதில் அப்படியே கேட்கிறதா?

இன்று நமக்குக் கிடைப்பதில் மிகப் பழையவற்றில் ஒன்று 1901-இல் மிலான் நகராட்சி பேண்டு பியோ நெவி தலைமையில் வாசித்த இசைத்தட்டு. ஆனால் இசையமைப்பாளர் நோவாரோ நினைத்தது அதில் இருக்கிறதா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன்.

மிகேலே நோவாரோ, தூரின் நகர நாடக அரங்குகளில் கோரஸ் பாடகர்களைப் பழக்கிய டெனர் (ஆண்களின் உச்சக் குரல்) பாடகர். இருபது வயதுக் கவிஞர் மமேலி எழுதிய பாட்டுக்கு அவர் மெட்டுப் போட்டது 1847 நவம்பரில். இறந்தது 1885-இல். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியான ஃபோனோகிராஃப் அதற்கு எட்டு வருஷம் முன்பே வந்துவிட்டது, இருந்தும் நமக்குத் தெரிந்தவரை இந்த மெட்டு தட்டில் ஏற அவர் போய் இன்னும் பதினாறு வருஷம் ஆனது. அதற்குள் அது பேண்டுக்காரர்களின் சொத்தாகிவிட்டது.

அந்தத் தட்டு வெறும் 17 செ.மீ. அகலம்தான், இரண்டு நிமிடம் ஓடினாலே அதிகம். அன்றைக்கு மைக் கிடையாது. ஒரு பெரிய தகரப் புனலுக்கு முன்னால் எல்லாரும் நெருக்கியடித்து நின்று ஊத வேண்டும், அந்த அதிர்வுதான் ஊசியை ஆட்டிக் கோடு கீறும். பித்தளைக் குழல்களின் சத்தம் கணீரென்று ஏறும், மெல்லிய சத்தமோ இரைச்சலில் காணாமல் போய்விடும். சிக்கலே இங்கேதான். நோவாரோவின் கையெழுத்துப் பிரதியில், முதலில் மிடுக்காக வந்த வரிகளே மறுபடி வரும்போது, சதி செய்பவர்கள் கிசுகிசுப்பதுபோல மிக மெல்லத் தொடங்கி, வேகமும் சத்தமும் ஏறிக்கொண்டே போய், ‘ஆம்!’ என்ற முழக்கத்தில் முடியும். அந்த முழக்கம் மமேலி எழுதியதல்ல, நோவாரோ சேர்த்தது. புனலிடம் போய்க் கிசுகிசுத்தால் என்ன பதிவாகும்?

குரலோடு கேட்க வேண்டுமென்றால், நேப்பிள்ஸின் ஃபோனோடைப் நிறுவனத்துக்காக ஜுசெப்பே கொதோனோ பாடிய தட்டைத் தேடுங்கள். தேதி 1915 ஜூன் 9. இத்தாலி முதல் உலகப் போரில் குதித்தது அதே வருஷம் மே 24, அதாவது சூடு ஆறுவதற்குள் பாடிவிட்டார்கள். 1918 ஜனவரியில் லண்டனிலும் ஒரு பேண்டுப் பதிவு எடுத்தார்கள், இத்தாலி அப்போது பிரிட்டனின் கூட்டாளி. இதற்கெல்லாம் அரசு உத்தரவு தேவைப்படவில்லை. அப்போது அரசின் கீதம் கபெத்தி இசையமைத்த ‘மார்ச்சா ரியாலே’, அதாவது ‘அரச அணிவகுப்பு’. நோவாரோவின் மெட்டுக்கு 1946-இல் தற்காலிக இடம்தான் கிடைத்தது, சட்டப்படி தேசிய கீதமானது 2017 டிசம்பரில்!

அப்புறம் ஒரு விஷயம். அந்தக் காலத் தட்டுகளை ‘78’ (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று பொதுவாகச் சொன்னாலும் சுற்றும் வேகம் தட்டுக்குத் தட்டு மாறும். இணையத்தில் ஏற்றுபவர்கள் பலர் அதைப் பார்ப்பதில்லை. பேண்டு ஓட்டமும் நடையுமாக வாசிப்பதுபோலக் கேட்டால், பியோ நெவியைத் திட்டுவதற்கு முன்னால் தட்டு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள்.