மேல்துணி தயார், மீதிக்கு இரண்டு நாள்

கேள்வி: ரவிக்கை தைத்ததில் மிஞ்சிய துண்டுகள், பழைய சுங்குடி, பிள்ளைகளின் பருத்திச் சட்டைகள் எல்லாவற்றையும் 6 அங்குலச் சதுரங்களாக்கி, அகலத்துக்கு 10, நீளத்துக்கு 14 என்று இணைத்து வைத்திருக்கிறேன். மேல்துணி 60க்கு 84 அங்குலம். ஒரு வருடமாக அலமாரியிலேயே கிடக்கிறது. வருகிற சனி, ஞாயிறு வீட்டில் யாரும் இல்லை. இரண்டு நாளில் போர்வையாக முடித்துவிட முடியுமா? முன்பு ஒன்று தைத்தபோது அடிப்பக்கம் சுருக்கம் சுருக்கமாக விழுந்தது. உள்ளே வைத்த இலவம் பஞ்சும் இரண்டே சலவையில் மூலையில் திரண்டுவிட்டது. வீட்டில் கால் மிஷின் இருக்கிறது.

பதில்: முடியும். ஆனால் நெருக்கமாகத் தையல் ஓட்டும் ஆசையை இந்தப் போர்வைக்கு விட்டுவிட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 அங்குலத்துக்கு ஒரு வரி என்று கையால் ஓட்டுத் தையல் போட்டால், 84 அங்குல நீளத்தில் ஏறக்குறைய 30 வரிகள். அதாவது 210 அடி. அடிக்கு 6 நிமிடம் என்று வைத்தாலே 21 மணி நேரம் ஆகும். அதற்குப் பதிலாக, சதுரங்கள் சந்திக்கும் மூலைகளில் முடிச்சுப் போட்டு மேல்துணி, நடுத்துணி, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் பிணைத்துவிடலாம். உங்கள் போர்வையில் அப்படி உள்மூலைகள் 9க்கு 13, மொத்தம் 117. முடிச்சுக்கு ஒரு நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இதைக் குறுக்கு வழி என்று நினைக்க வேண்டாம். குளிர் நாடுகளில் தடித்த போர்வைகளை நெடுங்காலமாக இப்படித்தான் முடிச்சுப் போட்டு முடித்திருக்கிறார்கள்.

பஞ்சு திரண்டதற்குக் காரணம் உங்கள் தையல் அல்ல. இலவம் பஞ்சின் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. தலையணைக்குள் அது பரவாயில்லை. தட்டையாக விரித்துத் துவைக்கும் பொருளுக்கு உதவாது. இந்த முறை நடுவில் பழைய பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்றை வையுங்கள். 90க்கு 100 அங்குல இரட்டைக் கட்டில் விரிப்பில் உங்களுக்கு வேண்டிய 64க்கு 88 தாராளமாக வரும். பலமுறை துவைத்ததால் இனிச் சுருங்காது, திரள்வதற்கும் அதில் எதுவும் இல்லை. நம் ஊர் வெக்கைக்கும் இதுதான் பொருந்தும். வங்காளத்துக் காந்தா என்ற தையல் போர்வையிலும் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் தைக்கிறார்கள், பஞ்சு வைப்பதில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருந்தால் மட்டும் பாலியெஸ்டர் வாடிங் (தட்டையான பஞ்சு விரிப்பு) வாங்கலாம், 100 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை போதும். வாடிங் வைத்தால் மூலைகளோடு நிறுத்தாமல் ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு முடிச்சு கூடுதலாக வேண்டும். அப்போது முடிச்சுகள் 257 ஆகும், ஞாயிறு காலை முழுக்க அதற்கே போகும்.

அடித்துணி எல்லாப் பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். ஆகவே 68க்கு 92. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலை ஒன்று போதும். 92 அங்குலத்தில் இரண்டு நீளம் வெட்டிப் பக்கவாட்டில் இணையுங்கள். இணைக்கும் முன் இரண்டிலும் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். கரையின் நெசவு நெருக்கமானது. சேலையின் மற்றப் பகுதியோடு சேர்ந்து அது சுருங்காது, நடுவில் ஒரு விறைத்த கோடாக நின்றுவிடும். வெட்டுவதற்கு முன் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வந்த பகுதி பெரும்பாலும் நைந்திருக்கும். இரண்டு கையாலும் இழுக்கும்போது இழை விலகினால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மேல்துணியை விரிப்பதற்கு முன் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. தலைகீழாகப் போட்டு ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ஓரம் கால் அங்குலத்துக்குக் குறைவாக மாட்டியிருக்கும் இடம்தான் முதலில் பிரியும். இப்போதே இன்னொரு தையல் போட்டுவிட்டால் நல்லது. தொங்கும் நூல்களை நறுக்குங்கள். வெளிர் துணிக்கு அடியில் கறுப்பு நூல் கிடந்தால் மேலே தெரியும், பிறகு எடுக்க வழியில்லை. சுற்றிலும் விளிம்பை ஒட்டி ஒரு நேர்த்தையல் ஓட்டிக்கொள்ளுங்கள். பிறகு இஸ்திரி. ரவிக்கைத் துண்டுகளில் பாலியெஸ்டர் கலந்திருக்கலாம் என்பதால் மிதமான சூட்டில் போடுங்கள்.

சுருக்கம் விழுமா விழாதா என்பது விரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கட்டிலில் விரிக்க வேண்டாம், மெத்தை அமுங்கும். துடைத்த தரையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரியுங்கள். முதலில் நான்கு பக்கங்களின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிறகு மூலைகளுக்குப் போங்கள். துணி சமமாகக் கிடந்தால் போதும், விறைப்பாக இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் அடித்துணி பழைய அளவுக்குச் சுருங்கும். மேல்துணி அதன்மேல் அலையலையாக நிற்கும். நடுத்துணியை வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக உள்ளங்கையால் தடவுங்கள். அதன்மேல் மேல்துணி. அதையும் அப்படியே தடவுங்கள்.

இனி மூன்றையும் தற்காலிகமாகப் பிடிக்க வேண்டும். 4 அங்குலத்துக்கு ஒன்று என ஊக்கு குத்தினால் 300 ஊக்கு தேவைப்படும். அதைவிட, வெள்ளை நூலில் 2 அங்குல நீளத் தையலாக, 6 அங்குல இடைவெளியில் ஓட்டுங்கள். நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள். ஊக்குதான் வசதி என்றால், பல நாள் அப்படியே விட்டுவைக்காதீர்கள். மலிவான ஊக்கு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும், அந்தக் கறை போகவே போகாது.

முடிச்சுக்கு எம்பிராய்டரி நூலின் ஆறு இழையையும் பிரிக்காமல் அப்படியே கோர்த்துக்கொள்ளுங்கள். 8 மீட்டர் நூற்கண்டு மூன்று வாங்கினால் போதும். மூலையில் மேலிருந்து ஊசியை இறக்கி, கால் அங்குலம் தள்ளி மேலே எடுத்து, அதே இடத்தில் இன்னொரு முறை குத்தி எடுங்கள். நூலை வெட்டாமல் அடுத்த மூலைக்குப் போகலாம். ஒரு வரிசை முடிந்ததும் இடையில் கிடக்கும் நூல்களை நடுவில் வெட்டினால், ஒவ்வொரு மூலையிலும் இரண்டு வால்கள் இருக்கும். வலதை இடதின்மேல் ஒரு முறை, இடதை வலதின்மேல் ஒரு முறை போட்டு இறுக்கினால் அவிழாது. இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் நழுவும். வாலை ஓர் அங்குலம் விடுங்கள். முடிச்சை மூலையில் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அங்கே இணைப்பு மடிப்புகள் குவிந்திருப்பதால் நூல் துணியைக் கிழிக்காது. தடிமனாக இருக்கும் என்பதால் விரலில் திம்பிள் (ஊசி குத்தாமல் காக்கும் உறை) போட்டுக்கொள்வது நல்லது.

மிஷினில்தான் தைப்பேன் என்றால், சென்ற முறை நடந்ததைப் புரிந்துகொண்டு தையுங்கள். அடியிலிருக்கும் பல் கீழ்த்துணியை இழுக்கிறது. மேலிருந்து அழுத்தும் ஃபுட் மேல்துணியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து கடைசியில் சுருக்கமாகிறது. ஃபுட்டின் அழுத்தத் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். 16 நம்பர் ஊசி, 3 மில்லிமீட்டர் தையல். எல்லா வரிகளையும் ஒரே திசையில், போர்வையின் நடுவிலிருந்து தொடங்கி ஓட்டுங்கள். ஒன்று மேலாகவும் அடுத்தது கீழாகவும் ஓட்டினால் இரண்டுக்கும் நடுவே துணி கோணிக்கொள்ளும். மேல்துணியையும் கீழ்த்துணியோடு சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் உங்கள் மிஷினில் பொருந்துமானால் பாதிச் சிக்கல் தீரும்.

முடிச்சு வேலை முடிந்ததும் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே மூன்று அடுக்கும் சேரச் சுற்றித் தைத்து, வெளியே நீளும் துணியை வெட்டுங்கள். அடித்துணியையே மேலே மடித்துத் தைப்பது சுலபம்தான். ஆனால் போர்வையில் முதலில் தேய்வது ஓரம், அங்கே பழைய சேலை தாங்காது. புதிய பாப்ளின் 44 அங்குல அகலத்தில் முக்கால் மீட்டர் வாங்கி, நனைத்துக் காய வைத்து, இரண்டரை அங்குலப் பட்டைகள் 8 வெட்டுங்கள். நேராக வெட்டினால் போதும். வளைவான ஓரத்துக்குத்தான் குறுக்கு வெட்டு. பட்டைகளைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, வெட்டு விளிம்புகள் சேருமாறு மேல்பக்கத்தில் வைத்து, 3/8 அங்குலத்தில் தையுங்கள். பட்டையை இழுக்காதீர்கள், இழுத்தால் ஓரம் அலை அலையாகும். மூலைக்கு 3/8 அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, நூலை வெட்டி, பட்டையைச் செங்குத்தாக மேலே மடித்து, பிறகு அடுத்த பக்கத்தோடு சேரக் கீழே மடித்து, விளிம்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். திருப்பியதும் மூலை சாய்கோடாக அமையும். பின்பக்கம் கையால் ஹெம்மிங் செய்ய 24 அடி இருக்கிறது. அது ஞாயிறு மாலைக்கான வேலை. நேரமில்லையென்றால் மிஷினிலேயே ஓட்டிவிடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மிச்சமிருக்கும் ஒரே ஆபத்து சாயம். 1960களில் அமெரிக்காவில் சென்னைக் கட்டத்துணியைச் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். உங்கள் போர்வைக்கு அந்தப் பெருமை வேண்டாம். ஈர வெள்ளைத் துணியால் சிவப்பு, கருநீலத் துண்டுகளை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கல் உப்பில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் ஏற்றும் தொட்டியில்தான் உப்புக்கு வேலை. தைத்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை அது பிடித்து வைக்காது. முதல் சலவையில் நிறையத் தண்ணீர் விட்டு, போர்வையைத் தனியாக அலசி, ஈரத்தோடு குவித்து வைக்காமல் உடனே நிழலில் விரியுங்கள். வெள்ளைச் சதுரத்தில் சாயம் ஏறியது தெரிந்தால் காய விடாமல், அந்த ஈரத்திலேயே மறுபடி சோப்புப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.