வளையலை அடகு வைக்காதீர்கள், பிள்ளையை ஆற்றுக்கு அனுப்புங்கள்

போன வாரம் குழித்துறையிலிருந்து ஒரு தம்பதி மகளோடு வந்திருந்தார்கள். பிள்ளை விலங்கியல் இரண்டாம் ஆண்டு. கோடை விடுமுறையில் ஆற்றுப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனம் ஒன்றில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசைப்படுகிறாள். பெங்களூரில் இருக்கும் தாய்மாமனோ டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேர்க்கச் சொல்கிறார். கட்டணத்துக்காக அம்மா வளையலைக் கழற்றத் தயாராகிவிட்டார். "குப்பை பொறுக்கவா சார் படிக்க வைத்தோம்?" என்றார் அப்பா.

பயம் நியாயமானதுதான். ஆனால் பிள்ளை கேட்காத படிப்புக்கு வட்டி கட்டாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அங்கே என்ன வேலை என்று யாராவது விசாரித்தீர்களா? கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, உங்கள் ஊர் வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. மேலே காடு, நடுவே ரப்பர், அப்புறம் ஊர்ச் சாக்கடை, கடைசியில் பொழிமுகத்து உப்பு. ஒரே நாளில் பஸ்ஸில் போய் முழுவதையும் பார்த்துவிடலாம். ஆற்றைப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தண்ணீர் மாதிரியை விடியற்காலையிலும் எடுக்க வேண்டும். இரவெல்லாம் பாசியும் சேர்ந்து சுவாசிப்பதால் ஆக்சிஜன் அப்போதுதான் குறைவாக இருக்கும். மதியம் மட்டும் எடுத்தால் கெட்ட ஆறும் நல்ல ஆறாகத் தெரியும். குளிக்கத் தகுந்த நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஓடி, அதாவது அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. பிஓடி பார்க்க பாட்டிலை 27 டிகிரியில் 3 நாள் வைக்க வேண்டும். ரப்பர் பாலை உறைய வைத்த ஆசிட் தண்ணீர் ஓடையில் கலந்தால், அதற்குக் கீழே கற்களைப் புரட்டி, அடியில் என்னென்ன பூச்சிகள் மிஞ்சியிருக்கின்றன என்று கணக்கெடுக்கலாம். விலங்கியல் படித்த கண்ணுக்கு ஏற்ற வேலை. எண்ணியதை க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் வரைபடமாக்கலாம். மாமா சொல்லும் டேட்டாவும் இதுதானே! இதை அவளே ஆற்றில் இறங்கிச் சேர்த்திருப்பாள்.

பிறகு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்கள், சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனங்கள், எம்.எஸ்சி. என்று வழிகள் உண்டு. தொடக்கச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை.

இன்டர்ன்ஷிப்புக்கோ சான்றிதழுக்கோ பணம் கேட்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். பஸ் காசு தருவார்களா, யார் வழிகாட்டி என்று எழுத்தில் வாங்குங்கள். மணல் அள்ளும் இடங்களுக்கு மாணவர்களை அனுப்பும் நிறுவனம் வேண்டவே வேண்டாம். ஜூன் மழையில் பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரி நீர் திறந்தால் ஆற்றில் இறங்கக் கூடாது, எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் சரி.

முதலில் துறைத் தலைவரிடம் அனுமதிக் கடிதம் கேளுங்கள். மாமாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.