38 பிழைக்கு 25,000 ரூபாவா?

கேள்வி: வேர்ட்பிரஸ் தீம் (இணையத்தளத்துக்கான ஆயத்த வடிவமைப்பு) ஒன்று செய்து முடித்திருக்கிறேன். பக்கத்தின் குறியீட்டில் பிழை பார்க்கும் டபிள்யூ3சி வாலிடேட்டரில் போட்டால் 38 பிழை காட்டுகிறது. "சான்றிதழ் இல்லாமல் வெளிநாட்டில் யாரும் வாங்கமாட்டார்கள், 25,000 ரூபா தந்தால் எடுத்துத் தருகிறேன்" என்கிறார் ஹட்டனில் ஒருவர். கொடுக்கலாமா? – தலவாக்கலை வாசகர்

கொடுக்காதீர்கள் தம்பி. அப்படியொரு சான்றிதழே கிடையாது. வாலிடேட்டர் இலவசம்; யாருடைய தீமுக்கும் அது பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை. பிழை இல்லை என்று வரும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி உங்கள் கையில் தருவார், அவ்வளவுதான்.

38 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மேலே ஒரு டிவ்வை (பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் ஒரு பகுதியைச் சுற்றும் குறி) மூடாமல் விட்டால் கீழே உள்ளவையும் சேர்ந்து குழம்பும். முதல் பிழையைத் திருத்தி மறுபடி போட்டுப் பாருங்கள். பாதி தானாகவே போய்விடும். மிஞ்சுவதில் ஒரே ஐடி, அதாவது ஒரே அடையாளப் பெயர், இரண்டு தடவை வருவது நிஜமான பிழை. தலைப்பில் ஒரு தேடல் பெட்டி, பக்கவாட்டில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே ஐடி என்றால், பக்கவாட்டு லேபிளைத் தட்டும்போது கர்சர் மேலே உள்ள பெட்டிக்கு ஓடும். வாங்கினவர் அன்றைக்கே புகார் எழுதுவார்.

விட்டுவிடக் கூடிய பிழை ஒன்று உண்டு. டெமோவில் (தீமின் மாதிரித் தளம்) யூடியூப் வீடியோ போட்டிருந்தால், அதைக் காட்டும் ஐஃப்ரேம் என்ற சட்டகத்தில் வரும் 'ஃப்ரேம்போர்டர்' என்ற சொல் பழசு என்று வாலிடேட்டர் சிவப்பில் காட்டும். அது யூடியூப் தந்த வரி, நீங்கள் எழுதியதல்ல. நாளைக்கு வாங்குபவர் இன்னொரு வீடியோ ஒட்டினால் அதே பிழை திரும்பவும் வரும். அதற்காகத் தீம் கோப்புகளைக் கிண்டாதீர்கள். யாராவது கேட்டால் வீடியோவை எடுத்துவிட்டு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள், வாய் மூடிவிடும். உங்கள் 38இல் இப்படி எத்தனை என்று முதலில் எண்ணுங்கள்.

தீம் விற்கும் பெரிய சந்தைகளில் ஒரு தீம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் வேறு காரணத்துக்கு. வாலிடேட்டர் பார்ப்பது பிரௌசருக்கு வந்து சேரும் எச்டிஎம்எல்லை மட்டும். உள்ளே இருந்து அதை உருவாக்கும் பிஎச்பி நிரல் அதன் கண்ணில் படாது. பயனர் தட்டச்சு செய்ததை எஸ்கேப் பண்ணாமல் (ஆபத்தான குறிகளைச் செயலிழக்க வைக்காமல்) அப்படியே திரையில் அச்சிட்டால் சந்தையின் ரிவியூவர் திருப்பி அனுப்புவார். தீமின் குறைகளைச் சொல்லும் 'தீம் செக்' பிளகின் இலவசம்; இன்று இரவே ஓட்டுங்கள்.

இனி அந்த ஹட்டன் ஆளைப் பற்றி. அந்தக் காலத்துத் தோட்டக் கங்காணி தொழிலாளர் தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினார், இவர் பிழைக்காசு கேட்கிறார். இப்படியானவர்கள் முளைப்பதற்கு நம்முடைய அமைப்பும் காரணம்: இலங்கையில் பேபால் (இணையத்தில் காசு அனுப்பும் சேவை) கணக்கு வைத்தவர் வருஷக்கணக்கில் காசு அனுப்பலாம், வாங்க முடியாது என்றே இருந்தது. அதனால் வெளிநாட்டுக் கணக்கு வைத்து, நமக்காகக் காசை வாங்கித் தருபவரே ராஜா. "பார்த்துச் சொல்கிறேன்" என்று உங்கள் தீம் கோப்புகள் அடங்கிய ஜிப்பை வாங்கி, பெயரை மாற்றி விற்றுவிட்டால் எங்கே போய்க் கேட்பீர்கள்? யாரும் பார்க்க டெமோ லிங்க் போதும். ஜிப்பை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களென்றால், காசைப் பற்றிப் பேசாமல், முதலில் செய்தவர் நீங்கள் என்று தெரிய, தீமின் டெமோவை உங்கள் பெயரில் இன்றைக்கே வெளியே போடுங்கள்.