ஏர்பேக் லைட் எரிந்தால் ஏர்பேக்கையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: நான்கு மாதம் முன்பு டர்பனில் ஒரு டீலரிடம் பழைய கார் வாங்கினேன். அம்மா ஏறுவதற்காக முன் சீட்டைப் பின்னால் தள்ளினால் ஏர்பேக் லைட் எரிகிறது. சில நாள் தானாகவே அணைந்துவிடுகிறது. எங்கள் தெரு மெக்கானிக் சின்ன ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, கோளாறைக் காட்டும் கோடே (code) இல்லை என்றார். இன்னொரு இடத்தில் ஏர்பேக்கையே மாற்றச் சொல்கிறார்கள். டீலரோ, "ஃபுட்ஸ்டூட்ஸ் (உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்) என்று கையெழுத்துப் போட்டீர்களே" என்று கைவிரிக்கிறார். என்ன செய்யலாம்?
வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: ஏர்பேக்குக்கு இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள், அம்மா. சீட்டை நகர்த்தும்போது எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒயர்களும் கனெக்டரும் தெரியும். பெரும்பாலான கார்களில் மஞ்சள் நிறம். சீட் முன்னும் பின்னும் போய்வரும்போது ஒயர் இழுபட்டு, கனெக்டர் லேசாகத் தளர்ந்துவிடும். அந்த சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடியதுமே ஏர்பேக் கம்ப்யூட்டர் லைட்டைப் போட்டுவிடும். கண்ணால் பார்க்கலாம், ஆனால் கை வைக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்து தொட வேண்டிய இடம் அது. ஏர்பேக்கை சாதாரண மல்டிமீட்டரால் அளக்க யாரையும் விடாதீர்கள், வெடித்துவிடலாம்.

கோடு எந்த சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்லும், எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது. ஸ்டியரிங் பக்கக் கோடு வந்து, ஹாரனும் அடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால், அது சுழலும்போதும் மின் இணைப்பு அறாமல் வைத்திருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடாதான் போயிருக்கும். சில கார்களில் பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலே லைட் வந்துவிடும். உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. மலிவான ஸ்கேனர்கள் P என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இன்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும். ஏர்பேக் கம்ப்யூட்டரோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். அப்படிப் படிக்கும்போது கோடுகளை அழிப்பதற்கு முன் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

சரி, டீலர் விஷயம். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, டீலரிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் ரிப்பேரோ, மாற்றுப் பொருளோ, பணமோ கேட்கலாம். பழைய காருக்கும் இது உண்டு. இந்தக் குறையைக் குறிப்பிட்டுச் சொல்லி, நீங்களும் தெரிந்தே ஒப்புக்கொண்டிருந்தால்தான் டீலர் தப்பிக்க முடியும். பொத்தாம்பொதுவான ஃபுட்ஸ்டூட்ஸ் போதாது. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது, இந்த வாரமே பிரிண்டோடு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் மோட்டார் தொழில் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் கொடுங்கள். லைட் எரியும்போது விபத்து நடந்தால் ஏர்பேக் விரியாமல் போகலாம், ரிப்பேர் ஆகும்வரை அம்மாவைப் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள்.

கேள்வி: என் பழைய காரில் ஏர்பேக் லைட் எரிவதே இல்லை. அப்படியென்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?
வாசகர், டொங்காட்

பதில்: சாவியைத் திருப்பியதும் அந்த லைட் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், குறையை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும் தகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனி செய்த ஏர்பேக்கா என்று பார்த்துவிடுங்கள். அதை விரியவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் பல வருடம் கிடந்தால் கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டுகளைச் சிதறடிக்கும். நம் கடற்கரைப் பக்கம் அந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை. இதற்குக் கோடும் வராது, லைட்டும் வராது. வின் நம்பரை (காரின் அடையாள எண்) உங்கள் கார் கம்பெனியின் டீலரிடம் கொடுத்துக் கேளுங்கள். ரீகால் (கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.