வாசகர் கேள்விகள்: ஆறு காலனி ஒரு நாடானது எப்படி?

ஆஸ்திரேலியாவில் ஆறு காலனிகள் தங்களுக்குள் யுத்தமே இல்லாமல் ஒரே நாடாகின. எப்படி முடிந்தது? – கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

யுத்தம் இல்லை, ஆனால் தகராறு நிறைய. பெரும்பாலும் சுங்க வரிக்காக. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குவீன்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா என்ற ஆறும் ஆளுக்கொரு நாடாளுமன்றம், ஆளுக்கொரு தபால்தலை, ஆளுக்கொரு வரிப்பட்டியல் வைத்திருந்தன. விக்டோரியா உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்ற இறக்குமதிக்கு வரி போட்டது. பக்கத்து நியூ சவுத் வேல்ஸ் தடையற்ற வணிகமே நல்லது என்றது. இரண்டுக்கும் எல்லை மர்ரே ஆறு. ஆற்றின் இக்கரையில் விளைந்ததை அக்கரையில் விற்கப் போனால் சுங்க அதிகாரி நிற்பார்.

ரயிலும் அப்படித்தான். நியூ சவுத் வேல்ஸ் தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8½ அங்குலம், விக்டோரியாவில் 5 அடி 3 அங்குலம், குவீன்ஸ்லாந்தில் 3 அடி 6 அங்குலம். மகள் மெல்போர்னில் இருப்பதால் எல்லையிலுள்ள ஆல்பரி நிலையத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நடந்துகொண்டே இருக்கலாம், அவ்வளவு நீளமான நடைமேடை. சிட்னியிலிருந்து வந்த ரயில் ஒரு பக்கமும் மெல்போர்ன் போகிற ரயில் மறுபக்கமும் நிற்க, பயணிகள் பெட்டி படுக்கையோடு இறங்கி ஏறுவார்கள். ஈரோட்டிலிருந்து பிராட் கேஜில் திருச்சி வந்து, மதுரைக்கு மீட்டர் கேஜ் மாறிய நம்மூர்க்காரர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். நாடு ஒன்றான பிறகும் சிட்னி – மெல்போர்ன் ஒரே பாதையாக 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1889 அக்டோபர் 24 அன்று டென்டர்ஃபீல்டு என்ற சிற்றூரில் நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் ஹென்றி பார்க்ஸ், எல்லாருக்கும் பொதுவாக ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்று பேசினார். 1891-ல் சிட்னியில் மாநாடு கூடி, அரசியல் சட்ட வரைவு ஒன்றும் தயாரானது. பார்க்ஸின் புகழை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த வரைவைக் காலனி நாடாளுமன்றங்கள் கிடப்பில் போட்டுவிட்டன. தலைவர்கள் கூடிப் பேசிக் கலைந்ததோடு சரி.

அதற்கு உயிர் கொடுத்தது 1893-ல் மர்ரே கரையிலுள்ள கொரோவா என்ற ஊரில் நடந்த கூட்டம். வந்தவர்களில் பலர் எல்லையோர ஊர்க்காரர்கள், சுங்கத்தால் தினமும் அடிபட்டவர்கள். பென்டிகோ நகர வழக்கறிஞர் ஜான் குவிக் அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மாநாட்டுப் பிரதிநிதிகளை மக்களே தேர்ந்தெடுக்கட்டும், அவர்கள் எழுதும் சட்டத்தையும் மக்களே வாக்களித்து ஏற்கட்டும் என்பது அதன் சாரம். குவிக் சிறுவயதில் சுரங்கத்திலும் இரும்புப் பட்டறையிலும் வேலை பார்த்துப் படித்து மேலே வந்தவர். இந்தக் கதையில் என் மனசுக்கு மிக நெருக்கமானவர் அவர்தான். ஏனென்றால் பிற்பாடு அந்த வழியில்தான் காரியம் நடந்தது.

அதுவும் சுலபத்தில் இல்லை. 1898 வாக்கெடுப்பில் நியூ சவுத் வேல்ஸில் 71,595 பேர் ஆதரித்தார்கள். பெரும்பான்மைதான், ஆனால் குறைந்தது 80,000 வேண்டும் என்று சட்டம் வைத்திருந்ததால் தோற்றது. அப்புறம் முதல்வர்கள் உட்கார்ந்து பேரம் பேசினார்கள். தலைநகரம் நியூ சவுத் வேல்ஸுக்குள்தான் அமையும், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலாவது தள்ளியிருக்கும் என்று முடிவானது. கான்பெரா பிறந்தது இந்தப் பேரத்தில்தான். அடுத்த ஆண்டு சட்டம் ஜெயித்தது. 1901 ஜனவரி 1-ல் சிட்னியின் சென்டினியல் பூங்காவில் எட்மண்ட் பார்ட்டன் முதல் பிரதமராகப் பதவியேற்றார்.

சின்னக் காலனிகள் பெரியவற்றை நம்பி எப்படிச் சேர்ந்தன? – ஆசிரியர், கோவில்பட்டி

நம்பிச் சேரவில்லை, எழுதி வாங்கிக்கொண்டு சேர்ந்தன. மக்கள்தொகை எவ்வளவானாலும் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சம இடம் – தொடக்கத்தில் ஆளுக்கு ஆறு. அடுத்தது பணம். சுங்கவரிதான் காலனிகளின் பெரிய வருமானம், அது மத்திய அரசுக்குப் போய்விடுமே என்ற பயம். டாஸ்மேனியா முதல்வர் பிராடன் விடாப்பிடியாக நின்று, வசூலில் முக்கால் பங்கை முதல் பத்தாண்டுகளுக்கு மாநிலங்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவைச் சேர்க்க வைத்தார். அரசியல் சட்டத்தில் பட்டியலிடாத அதிகாரங்களும் அங்கே மாநிலங்களிடமே தங்கின. நம் நாட்டில் அவை மத்திய அரசுக்கு. இந்த வித்தியாசத்தை மாணவர்களுக்கு அவசியம் சொல்லிக்கொடுங்கள்.

நியூசிலாந்து ஏன் சேரவில்லை? – வாசகர், ஈரோடு

1891 மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பியது. பிறகு ஒதுங்கிக்கொண்டது. நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டர் கடல், தங்களுக்கென்று தனி வாழ்க்கை. சேரலாம் என்று விட்ட இடம் மட்டும் ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது.

மக்களே வாக்களித்த சட்டம் என்கிறீர்கள். பழங்குடியினர் வாக்களித்தார்களா? – வாசகி, புதுச்சேரி

கேட்க வேண்டிய கேள்வி. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1894-லேயே பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்திருந்தது, அங்கே பழங்குடியினரில் சிலரும் வாக்களித்தார்கள். மற்றபடி மண்ணின் மைந்தர்களை யாரும் கேட்கவில்லை. நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடியினரைச் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 127-ஆம் பிரிவு எழுதியது. 1902-ல் பெண்களுக்கு நாடு முழுக்க வாக்குரிமை தந்த அதே சட்டம் பழங்குடியினரில் பெரும்பாலோரை வெளியே தள்ளியது. 127-ஐ மக்கள் வாக்கெடுப்பு நடத்தி நீக்க 1967 வரை ஆனது. அந்த வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு.

நம்மவர்களுக்கும் கதவு அடைபட்டது. 1901-லேயே வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிப்பார், வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரி இஷ்டம். ஆசியர்களைத் தடுக்கத்தான் அந்தச் சோதனை. 1958 வரை நீடித்தது. ஆறு காலனிகளும் மிக எளிதாக ஒத்துப்போன விஷயங்களில் இந்த ஒதுக்கலும் ஒன்று என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

சேர்ந்த மாநிலம் பிரிந்து போகலாமா? – வாசகர், சேலம்

மேற்கு ஆஸ்திரேலியா முயன்றது. கடைசியாக, 1900 ஜூலையில்தான் அது சேர்வதென்று வாக்களித்தது. தயங்கிய அரசை கல்கூர்லி பகுதித் தங்கச் சுரங்கத்துக்காரர்கள் 'நீங்கள் வராவிட்டால் நாங்கள் தனியாகப் போய்ச் சேர்ந்துகொள்கிறோம்' என்று நெருக்கினார்கள். கிழக்கோடு இணைக்கும் ரயில் பாதை 1917-ல்தான் முடிந்தது. மத்திய அரசின் இறக்குமதி வரி கிழக்கத்திய ஆலைகளை வாழவைத்து, தங்கள் கோதுமை விவசாயிகளை வதைக்கிறது என்ற மனக்குறை வளர்ந்தது. 1933 ஏப்ரலில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் பிரியலாம் என்றே வாக்களித்தார்கள். மனு லண்டன் போனது. ஆஸ்திரேலிய அரசு கேட்காமல் இதில் தலையிட முடியாது என்று 1935-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கைவிரித்தது.

ஆனால் அந்த மனக்குறை வீண்போகவில்லை. நலிந்த மாநிலங்களுக்கு எவ்வளவு உதவி தரலாம் என்று பார்க்க, அதே 1933-ல் மானிய ஆணையம் ஒன்றை மத்திய அரசு அமைத்தது. இன்றைக்கு ஜிஎஸ்டி வருவாயை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பதும் அந்த ஆணையம்தான். தன் பங்கு போதாது என்று மேற்கு ஆஸ்திரேலியா பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றது. ஒரு மாநிலத்தின் பங்கு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று 2018-ல் சட்டமே திருத்தப்பட்டது.