மகளைத் தூக்கலாமா, வேலைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. எட்டு மாதங்களுக்கு முன், சி.எம்.எல். எனும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. தினமும் இமாடினிப் 400 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். ரத்த அணுக்களின் எண்ணிக்கை இப்போது சரியாக இருக்கிறது. ஆனாலும் வீட்டில் ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. மூன்று வயது மகளைத் தூக்கவே பயமாக இருக்கிறது. சோர்வும், இரவில் கெண்டைக்கால் பிடிப்பும் படுத்துகின்றன. வேலையை விட்டுவிடலாமா? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: மகளைத் தாராளமாகத் தூக்குங்கள். இந்த நோய் தொட்டால் ஒட்டாது, பிள்ளைகளுக்கும் போகாது. எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 9, 22 ஆகிய குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டதில் தொடங்கியது இது. நீங்கள் பிறந்த பிறகு நடந்தது. நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை. தொடக்கத்தில் மண்ணீரல் வீங்கியிருந்தால், அடிபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பயம்தான் வீட்டில் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். மண்ணீரல் சுருங்கிவிட்டதா என்று அடுத்த முறை கேளுங்கள். அப்போது வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலையை விட வேண்டாம். 2001இல் இமாடினிப் வந்த பிறகு இந்த நோயின் கதையே மாறிவிட்டது. மருந்து நன்றாக வேலை செய்பவர்கள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ்கிறார்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை. எஞ்சியிருப்பதைக் காட்டுவது பி.சி.ஆர். எனும் ரத்தப் பரிசோதனைதான், அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் எடுங்கள். மாதத்தில் மூன்று நாள் மாத்திரை தவறினாலே அந்த மாத மருந்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த அளவு தவறவிட்டவர்களிடம் மருந்தின் பலன் தெளிவாகக் குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறோம். பலர் மறந்துபோய் விடுவதில்லை. பக்கவிளைவு தாங்காமல், டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, 'இன்று ஒருநாள் வேண்டாம்' என்று வைத்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

கால்பிடிப்பு இந்த மருந்தில் அடிக்கடி வருவதுதான். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், பாஸ்பேட் அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கப்போகும் முன் கெண்டைக்காலை நன்றாக நீட்டி மடக்குங்கள். மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டால் குமட்டலும் குறையும். சோர்வுக்கு ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் சோதிக்க வேண்டும். அவை சரியாக இருந்தால் தினமும் கொஞ்சம் நடங்கள். களைப்பாக இருக்கும்போது நடப்பதா என்று தோன்றும், ஆனால் படுத்தே கிடந்தால் சோர்வு கூடத்தான் செய்யும். காலையில் போடும் மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்றும் கேட்டுப்பாருங்கள். ஒருவேளை மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டாகப் போடக் கூடாது. வலி மாத்திரையோ மூலிகை மருந்தோ, கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள். கிரேப்ஃப்ரூட் பழம் (திராட்சையல்ல, ஆரஞ்சு வகையைச் சேர்ந்தது) வேண்டவே வேண்டாம்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். இமாடினிப் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது, கருவைப் பாதிக்கலாம். அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. சில ஆண்டுகள் தொடர்ந்து பி.சி.ஆரில் நோய் மிக ஆழமாக அடங்கியிருந்தால், அடிக்கடி பரிசோதித்துக்கொண்டே மருந்தை நிறுத்திப் பார்க்கிறோம். அப்படி நிறுத்தியவர்களில் பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் தெரிந்துவிடும். மருந்தைத் திரும்பத் தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் மறுபடி அடங்கிவிடுகிறது. நீங்களாக நிறுத்திவிட மட்டும் கூடாது. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற ஆசையை இப்போதே உங்கள் டாக்டரிடம் சொல்லிவையுங்கள். அதை மனதில் வைத்துத்தான் அவர் இனி வரும் ஆண்டுகளைத் திட்டமிட முடியும். அதுவரை கருத்தடையைத் தொடருங்கள்.